வாசற்படியில் நின்ற பிரிட்டன்

ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதென்று பிரிட்டிஷ் ஜனங்கள் வாக்களித்த நாள் 2016-ம் வருஷம் ஜூன் மாதம் 23-ந் தேதி. அவர்கள் தேசம் சட்டப்படி விலகிய நாள் 2020-ம் வருஷம் ஜனவரி மாதம் 31-ந் தேதி. இடையே மூன்று வருஷமும் ஏழு மாதமும் கழிந்தன. அக்காலத்துள் பிரதம மந்திரி பீடத்தில் மூவர் அமர்ந்தனர். இரண்டு பொதுத் தேர்தல்கள் நடந்தேறின. விலகும் தினமென்று உலகறியக் குறிக்கப்பெற்ற தேதி மும்முறை தள்ளிப்போயிற்று. முதலில் 2019 மார்ச்சு 29 என்றார்கள். அது ஏப்ரல் 12 ஆயிற்று. ஏப்ரல் 12, அக்டோபர் 31 ஆயிற்று. அதுவும் தவறி ஜனவரி 31-ல் வந்து நின்றது. அக்டோபர் 31-ந் தேதியைப் பொறித்து ஐம்பது பென்ஸ் நாணயம் ஒன்று வெளியிட ஏற்பாடாகியிருந்தது. தேதி தவறவே, அடித்து வைத்த ஏறத்தாழ ஆயிரம் நாணயங்களை அரசாங்கத்து அக்கசாலையார் மீண்டும் உருக்கிவிட்டனர். நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. அவ்வருஷத்தில் உருகியது எது என்று லண்டன் வாசிகளைக் கேட்டிருந்தால், பெரும்பாலார் இரண்டும்தான் என்றே விடையளித்திருப்பர்.

பிரிட்டிஷ் ஜனங்கள் பொறுமைக்குப் பேர்போனவர்கள். வரிசையில் நிற்பதையே ஒரு தர்மமாகக் கொண்டவர்கள். அவர்களே பொறுமை இழந்தனர். விலக வேண்டுமென்று வாக்களித்தவர், 'நாங்கள் சொல்லி முடித்தோம், செய்ய வேண்டியவர் ஏன் செய்யவில்லை?' என்று வெகுண்டனர். இருக்க வேண்டுமென்று வாக்களித்தவர், 'பொய்யைச் சொல்லி வாங்கிய வாக்கை ஏன் மறுபடி கேட்கலாகாது?' என்று வெகுண்டனர். 2019 மார்ச்சு 23-ந் தேதி லட்சக்கணக்கானவர் லண்டன் வீதிகளில் திரண்டு மறுவாக்குக் கேட்டனர். விலகும் அறிவிப்பையே ரத்துச் செய்க என்ற விண்ணப்பத்தில் 60 லட்சம் பேருக்கு மேல் ஒப்பமிட்டனர். ஆறே நாளில், அதாவது விலகியிருக்க வேண்டிய மார்ச்சு 29-ந் தேதி, எதிர்க் கருத்தினர் பார்லிமெண்டு வாயிலில் கூடித் துரோகம், துரோகம் என்று கூவினர். அடுத்து வந்தது விநோதங்களுள் விநோதம். எந்தச் சபையை விட்டு நீங்குவதென்று மூன்று வருஷத்துக்கு முன் தீர்மானித்தார்களோ, அந்த ஐரோப்பியப் பார்லிமெண்டிற்கே மே மாதம் 23-ந் தேதி அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. சில வாரங்களுக்கு முன் மிஸ்டர் நைஜல் பராஜ் தொடங்கிய கட்சி 29 ஸ்தானங்களைப் பெற்று முதலில் நின்றது. நாட்டை ஆண்டுகொண்டிருந்த கன்ஸர்வேடிவ் கட்சி பத்தில் ஒரு பங்கு வாக்குங்கூடப் பெறாமல் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

இத்தாமதத்துக்கு யார் பொறுப்பாளி? இக்கேள்விக்கு அந்நாட்டில் வழங்கும் விடைகள் நாம் நன்கறிந்தவையே. பார்லிமெண்டு அங்கத்தினர் ஜனங்களின் கட்டளையை வேண்டுமென்றே முடக்கினர் என்பது ஒன்று. பிரஸ்ஸெல்ஸ் நகரத்து அதிகாரிகள் பிடித்தவரை விடாமல் கட்டிவைத்தனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வீதியில் முழங்குவதற்கு ஏற்றவை. ஆராயப் புகுவார் முன் இவை நிற்கமாட்டா என்பது நமது துணிபு.

நம் நாட்டு நீதிஸ்தலங்களில் பாகப்பிரிவினை வழக்கு நடத்தியவர்கள் ஒன்றை அறிவர். இன்னாருக்கு இத்தனை பங்கு என்று கோர்ட்டார் முதலில் பூர்வாங்க டிக்ரி அளிக்கின்றனர். அன்று வாதி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறான். ஆனால் எந்த வயல் யாருக்கு, கிணற்றில் யார் எத்தனை நாள் இறைப்பது, வண்டிப்பாதை எவர் நிலத்தின் வழியே போவது, தகப்பனார் பட்ட கடனை எவர் தீர்ப்பது என்பவற்றையெல்லாம் கமிஷனர் வந்து அளந்து அறிக்கை கொடுத்து, அதன்மேல் ஆட்சேபங்கள் கேட்டு, இறுதி டிக்ரி ஆகுமுன் வாதியின் மகனுக்கு மீசை முளைத்துவிடும். 2016-ம் வருஷத்து வாக்கு பூர்வாங்க டிக்ரியேயன்றி வேறன்று. யூனியனில் அங்கத்தினராய் இருப்பதா, விலகுவதா என்ற ஒரே கேள்விதான் வாக்குச்சீட்டில் அச்சிடப்பட்டிருந்தது. 1 கோடியே 74 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 51.9 பேர், விலகுக என்றனர். 1 கோடியே 61 லட்சம் பேர் இருக்க என்றனர். விலகி எங்கே போவது என்று எவரையும் எவரும் கேட்கவில்லை.

போவதற்கு வழி ஒன்றல்ல, பல. நார்வே தேசம் யூனியனுக்கு வெளியே இருந்தும் அதன் சந்தைக்குள் இருக்கிறது. அதற்காக யூனியனார் செய்யும் சட்டங்களில் பெரும்பாலானவற்றைத் தான் வாக்களியாமலே ஏற்கிறது. துருக்கி சந்தைக்கு வெளியே நின்று, சுங்கத்தில் மட்டும் சேர்ந்திருக்கிறது. கனடா இரண்டிலும் சேராமல் வியாபார உடன்படிக்கை ஒன்றோடு நிற்கிறது. விலகுக என்று வாக்களித்தவர்களுள் இம்மூன்றில் ஒவ்வொன்றையும் விரும்பியவர் இருந்தனர். ஒன்றும் வேண்டாம், உறவே போதும் என்றவர்களும் இருந்தனர். பழைய வீட்டைக் காலி செய்வதென்பதில் ஒன்றுபட்டவர்கள், எந்த வீட்டில் குடிபுகுவது என்பதில் ஒன்றுபடவில்லை. சாமான்கள் தெருவில் வந்து கிடந்த பிறகே இது தெரிய வந்தது.

நாற்பத்துமூன்று வருஷத்து உறவு இலேசாக அறாது என்பதற்கு முன்மாதிரியும் இருந்தது. டென்மார்க்கு அரசுக்குட்பட்ட கிரீன்லாந்து 1982-ல் வாக்கெடுத்து அந்நாளைய ஐரோப்பியச் சமூகத்தை விட்டு நீங்கத் துணிந்தது. அங்கே வாழ்பவர் சற்றேறக்குறைய ஐம்பதினாயிரம் பேர். பிரதான விவகாரம் மீன். அதைப் பேசி முடித்து வெளியே வர அவர்களுக்கு 1985 வரை, மூன்று வருஷம் சென்றது. ஆறரைக் கோடி ஜனங்களும், உலகத்துப் பெரும் பணச்சந்தைகளுள் ஒன்றும், மோட்டார்த் தொழிற்சாலைகளும், மருந்துச் சாலைகளும் உடைய தேசம் ஒரு கோடைக்காலத்தில் விலகிவிடலாமென்று தம் ஜனங்களுக்குச் சொன்ன தலைவர்கள் கிரீன்லாந்துக்காரரின் மீனையாவது எண்ணிப் பார்த்திருக்கலாம்.

சர்வஜன வாக்கை ஏற்பாடு செய்த மிஸ்டர் டேவிட் காமரனது அரசாங்கம், முடிவு விலகுவதாக அமைந்தால் என் செய்வதென்று உத்தியோகஸ்தர்கள் ஆயத்தம் செய்வதையே அனுமதிக்கவில்லை. காமன்ஸ் சபையின் அயல்நாட்டு விவகாரக் குழுவார் இதனைப் படுமோசமான அசட்டை என்ற பொருளில் பின்னர் கண்டித்தனர். முடிவு வெளியான காலையில் மிஸ்டர் காமரன் ராஜினாமா அறிவித்தார். அவர் பின் வந்த தெரசா மே அம்மையார், 'வெளியேற்றமென்றால் வெளியேற்றமே' என்று நாளுக்கொரு முறை சொல்லி வந்தார். பிட்டென்றால் பிட்டே என்பது போன்ற இவ்விளக்கத்தால் எவர் பசியும் தீரவில்லை.

இங்கே நாம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அந்நாட்டில் தாமதம் என்று எது தூற்றப்பட்டதோ, அதன் வித்து ஓர் அவசரமே. லிஸ்பன் உடன்படிக்கையின் 50-வது ஷரத்துப்படி, விலகுகிறோமென்று எழுத்து மூலம் அறிவித்த நாள் தொட்டு இரண்டு வருஷந்தான் தவணை. அத்தவணை நீட்டப்பட வேண்டுமானால் மற்றை 27 தேசங்களும் ஒருமித்து இணங்க வேண்டும். ஆகவே, அறிவிப்புக் கொடுக்கு முன் காலம் பிரிட்டன் கையில் இருந்தது. கொடுத்த பின் எதிரியின் கைக்குப் போய்விட்டது. புத்தியுள்ள வாதி என்ன செய்வான்? தனக்கு வேண்டியதை முதலில் தன் வீட்டில் தீர்மானித்துக்கொண்டு பிறகே நோட்டீஸ் விடுப்பான். மே அம்மையாரது அரசாங்கம் 2017 மார்ச்சு 29-ந் தேதி நோட்டீஸ் விடுத்தது. தனக்கு வேண்டியது யாதென்று மந்திரி சபை கூடி ஒருவாறு முடிவு செய்தது 2018 ஜூலையில், செக்கர்ஸ் மாளிகையில். இருபத்துநான்கு மாதத் தவணையில் பதினைந்து மாதம் அதற்குள் ஓடிவிட்டது. அம்முடிவும் இரண்டு நாள் உயிர் வாழ்ந்த பின் மந்திரிகள் இருவர் ராஜினாமாச் செய்தனர். நடுவே, கையிலிருந்த பெரும்பான்மையைப் பெருக்கிக்கொள்வதாக எண்ணித் தேர்தல் நடத்தி, இருந்ததையும் இழந்தனர். வட அயர்லாந்தின் ஜனநாயக யூனியனிஸ்டுக் கட்சியார் பத்துப் பேரின் தயவில் அரசாங்கம் நடக்கலாயிற்று.

எதிர்ப்புறத்தில் நிலை எவ்வாறிருந்தது? 27 தேசத்தாரும் ஏப்ரல் மாதத்திலேயே கூடிச் சில நிமிஷங்களில் தங்கள் நிபந்தனைகளை ஒருமுகமாய் நிறைவேற்றிவிட்டனர். முதலில் கணக்குத் தீர்ப்பது, ஒரு நாட்டார் மற்றொரு நாட்டில் குடியிருப்போரின் உரிமை, அயர்லாந்து. இவை ஓரளவு முடிந்த பின்பே வியாபாரம் என்றனர். இந்த வரிசையைப் பெரும்போரிட்டு மாற்றுவோமென்ற பிரிட்டிஷ் மந்திரி, பேச்சு தொடங்கிய முதல் நாளே அதற்கு இணங்கிவிட்டார். பிரஸ்ஸெல்ஸ் அதிகாரிகள் கருணை மிகுந்தவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்கள் தங்கள் வீட்டுக்காக வாதாடினர். கட்டை நன்கு படித்துக்கொண்டு வந்து வாதாடினர். எதிர்க்கட்சி வக்கீல் கட்டைப் படித்துவிட்டு வருகிறார் என்று கோபிப்பது எந்தக் கோர்ட்டில் செல்லும்?

நிற்க, அயர்லாந்து விஷயத்துக்கு வருவோம். முழு வழக்கின் முடிச்சும் அதுவே. 1921-ல் அத்தீவை இரண்டாகப் பிளந்து வடக்கே ஆறு ஜில்லாக்களைப் பிரிட்டன் தன்னிடம் வைத்துக்கொண்டது. அன்று கிழித்த கோடு 310 மைல் நீளம் வளைந்து செல்கிறது. வீட்டு முற்றத்தையும் மாட்டுத் தொழுவத்தையும் பிரித்துக்கொண்டு போகிற இடங்களும் அதில் உண்டு. இருநூற்றுக்கு மேற்பட்ட பாதைகள் அக்கோட்டைக் கடக்கின்றன. முப்பது வருஷக் கலகத்தில் அம்மண்ணில் 3,500 பேருக்கு மேல் மாண்டனர். அக்காலத்தில் எல்லையில் நின்ற சுங்கச் சாவடிகளும் காவற் கோபுரங்களும் வெடிகுண்டுக்கு இலக்காயின. 1998-ம் வருஷத்துப் பெரிய வெள்ளிக்கிழமை உடன்படிக்கைக்குப் பின் காவல் நீங்கிற்று. இரு நாடுகளும் ஒரே ஐரோப்பியச் சந்தையில் இருந்தமையால் சுங்கத்துக்கும் அங்கே வேலையில்லாதிருந்தது. எல்லை காகிதத்தில் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கே சாந்தி நிலவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிட்டன் சந்தையையும் சுங்கத்தையும் விட்டு விலகுமானால், சரக்கை எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்திச் சோதித்தாக வேண்டும். தீவின் நடுவே சோதிக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். வட அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலுள்ள கடலிலும் சோதிக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். சந்தையை விட்டும் சுங்கத்தை விட்டும் நிச்சயம் விலகுவோம் என்றும் வாக்குக் கொடுத்தார்கள். இம்மூன்றில் எவ்விரண்டையும் காக்கலாம். மூன்றையும் காக்க மனிதரால் ஆகாது. பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் இக்கணக்கை மூன்று வருஷ காலம் ஒரு பிரதம மந்திரியும் தம் ஜனங்களுக்கு வாய்திறந்து சொல்லவில்லை. இவ்விஷயம் அறியாதாரும் அல்லர். வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்னரே, மாஜிப் பிரதமர்களான மிஸ்டர் ஜான் மேஜரும் மிஸ்டர் டோனி பிளேரும், எதிரெதிர்க் கட்சியினராயிருந்தும், டெர்ரி நகரத்துக்கு ஒருங்கே சென்று எச்சரித்தனர். இங்கிலாந்துப் பத்திரிகைகள் அதனை ஒரு மூலையில் பிரசுரித்துவிட்டு வேறு செய்திக்குப் போயின. வட அயர்லாந்தில் நூற்றுக்கு 55.8 பேர் யூனியனில் இருக்கவே வாக்களித்தனர். தாம் கேளாத விலகலுக்குத் தம் முற்றமே சண்டைக் களமாயிற்றே என்று அவர்கள் வருந்தியதை லண்டனில் எவர் செவிமடுத்தார்?

மே அம்மையார் 2018 நவம்பரில் கொண்டுவந்த 585 பக்க ஒப்பந்தம் இந்த முடிச்சை அவிழ்க்காமல் ஒத்திவைத்தது. வேறு உபாயம் கிடைக்குமளவும் பிரிட்டன் முழுவதும் சுங்க ஏற்பாட்டில் தங்கியிருக்கும் என்றது. 'கிடைக்குமளவும் என்றால் எதுவரை?' என்று கேட்டனர் அவர் கட்சியினரே. 2019 ஜனவரி 15-ந் தேதி காமன்ஸ் சபை 202-க்கு 432 வாக்குகளால் அதனைத் தள்ளிற்று. 230 வாக்கில் ஓர் அரசாங்கம் தோற்றது அந்நாட்டின் நவீன சரித்திரத்தில் அதற்கு முன் கண்டதன்று. மார்ச்சு 12-ல் 149 வாக்கில் மறுபடி தோல்வி. ஒரே பிரேரணையை ஒரே கூட்டத்தொடரில் திரும்பத் திரும்பக் கொணரலாகாது என்று 1604-ம் வருஷத்துச் சம்பிரதாயத்தை எடுத்துக்காட்டிச் சபாநாயகர் தடுத்தார். தீர்ந்த வழக்கை மறுபடி தொடுக்கலாகாதென்ற நியாயம் வக்கீல்களுக்குப் பழகியதே. ஆயினும் நானூறு வருஷத் தூசியைத் தட்டி அதனை எடுத்து வந்த அழகை நாம் ரஸித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. பிரேரணையைச் சற்று வெட்டி மார்ச்சு 29-ல் கொணர்ந்து 58 வாக்கில் மூன்றாம் முறையும் தோற்றனர்.

சபையார்தாம் வேறு என்ன விரும்பினர்? மார்ச்சு 27-ந் தேதி எட்டு யோசனைகளை எடுத்து வைத்துத் தனித்தனியே வாக்கெடுத்தனர். எட்டுக்கும் பெரும்பான்மை இல்லை. ஏப்ரல் முதல் தேதி நான்கை வைத்தனர். நான்குக்கும் இல்லை. பார்லிமெண்டு ஜனங்களை வஞ்சித்தது என்ற கூச்சல் இதன்மேல் எழுந்தது. வஞ்சனை என்னும் சொல் இங்கே பொருந்தாது. ஜனங்கள் எவ்வாறு பிளந்திருந்தார்களோ அவ்வாறே அவர்களின் பிரதிநிதிகளும் பிளந்திருந்தனர். கண்ணாடி கோணலென்று முகத்தை உடையவன் ஏசுவது போலிருந்தது அந்தக் கூச்சல். ஆனால் சபையார்மீது குற்றமே இல்லையென்று நாம் விடுவிக்கவில்லை. விலகும் அறிவிப்புக்கு அநுமதி கொடுத்தவர்கள் அவர்களே. தத்தம் மனத்துக்குப் பரிபூரணமாய்ப் பிடித்தது கிடைக்கும்வரை எதற்கும் இணங்குவதில்லையென்று இரு கோடியினரும் பிடிவாதம் பிடித்தனர். இரண்டாவதாகப் பிடித்ததற்குக் கை தூக்கச் சிலருக்குத் தைரியம் இருந்திருப்பின் 2019 வேனிலுக்குள் விவகாரம் தீர்ந்திருக்கும்.

பத்திரிகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்லிமெண்டின் அநுமதியின்றி மந்திரிகள் நோட்டீஸ் விடுக்கலாகாதென்று 2016 நவம்பரில் தீர்ப்பளித்த நீதிபதிகள் மூவரின் உருவங்களைப் போட்டு, 'ஜனங்களின் விரோதிகள்' என்று ஒரு லண்டன் தினசரி தலைப்பிட்டது. சட்டம் என்ன சொல்கிறதென்று சொன்னவரை ஜன விரோதி என்பது பத்திரிகைத் தொழிலுக்கே இழுக்கு. 2017 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டார் மூவருக்கு எதிராக எண்மர் அதே தீர்ப்பை உறுதி செய்தனர். 2019 செப்டம்பரில் மிஸ்டர் போரிஸ் ஜான்ஸன் பார்லிமெண்டையே ஐந்து வாரம் அடைத்துவைக்க முயன்றபோது, நீதிபதிகள் பதினொருவரும் ஒரே குரலாக, அது செல்லாது, சபை அடைபடவே இல்லை என்று தீர்த்தனர். நாடு முழுதும் கோபத்தால் கொதித்த அந்நாளில் அமைதி இழக்காதிருந்தது நீதிஸ்தலம் ஒன்றே.

நம் நேயர்களுள் சிலர் வேறொரு கணக்கை மனத்துள் போட்டுக்கொண்டிருப்பர். நாமும் போட்டோம். இந்தியாவை விட்டு 1948 ஜூனுக்குள் விலகுவதாக மிஸ்டர் அட்லி அறிவித்தது 1947 பிப்ரவரி 20-ந் தேதி. அவர்கள் விலகியது அதே வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி. ஆறு மாதங்கூட ஆகவில்லை. பஞ்சாபையும் வங்காளத்தையும் பிளக்கும் கோட்டைக் கிழிக்க ஸர் ஸிரில் ராட்கிளிப் ஜூலை 8-ந் தேதி வந்தார். அதற்கு முன் அவர் இந்நாட்டைக் கண்டவரல்லர். ஐந்து வாரத்தில் கோடு தயார். சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, 17-ந் தேதி, தாங்கள் எந்த நாட்டுப் பிரஜைகள் என்பதை லட்சக்கணக்கான குடும்பங்கள் அறிந்தன. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்து நடந்தனர். மாண்டவர் தொகையை இன்றும் எவராலும் வரையறுத்துச் சொல்ல முடியவில்லை. பாலாடைக்கட்டி சுங்கச் சாவடியைக் கடப்பது எப்படி என்பதற்கு 585 பக்கமும் மூன்றரை வருஷமும்; நாற்பது கோடி ஜனங்களின் நாட்டுக்கு ஐந்து வாரம்! இக்கசப்பை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதனாலேயே, மெல்லப் போனார்கள் என்று பிரிட்டிஷாரை ஏசுவோருடன் நம்மால் சேர முடியவில்லை. விரைந்து போன போக்கு எத்தகையது என்பதை அநுபவித்தவர்கள் நாம். காலம் எடுத்துக்கொண்டது பிழையன்று. எடுத்த காலத்தை வீணாக்கியதே பிழை.

வீணான காலத்துக்கு விலை கொடுத்தவர் யார்? மந்திரிகள் அல்லர். யூனியனின் மற்றை நாடுகளிலிருந்து வந்து பிரிட்டனில் வாழ்ந்துகொண்டிருந்தவர் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டோர். ஆஸ்பத்திரித் தாதிகளும், தோட்டங்களில் கனி பறிப்போரும், ஓட்டல் சிப்பந்திகளும் அவர்களுள் அடங்குவர். தாங்கள் அந்நாட்டில் தொடர்ந்து வாழலாமா என்பதற்குப் பதிவுத் திட்டம் முழுமையாய்த் திறக்கப்பட்டது 2019 மார்ச்சு மாதக் கடைசியில். பிள்ளையை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று தெரியாமல் ஒரு தாய் மூன்று வருஷம் இருப்பது இலேசான காரியமா? ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் குடியிருந்த பிரிட்டிஷாரும் அந்த நிலையிலேயே இருந்தனர். வியாபாரிகளோ, எந்தத் தேதியை நம்பிச் சரக்கு வாங்குவதென்று அறியாமல் தவித்தனர். ஒப்பந்தமில்லாமலே விலக நேருமோ என்று அஞ்சிய அரசாங்கத்தார், ஒரு கப்பலும் சொந்தமாக இல்லாத ஒரு கப்பல் கம்பெனிக்கு 1 கோடியே 38 லட்சம் பவுன் மதிப்புள்ள ஒப்பந்தம் கொடுத்து, பிறகு அதனை ரத்துச் செய்தனர். அவ்வகை ஒப்பந்தங்களைக் கொடுத்த முறை பற்றிக் கடலடிச் சுரங்கக் கம்பெனியார் வழக்கிட, 3 கோடியே 30 லட்சம் பவுன் கொடுத்து ராஜியானார்கள். வரி செலுத்துவோனுடைய பணம் கப்பலேறாமலே கடலில் போயிற்று.

இப்படிப் புழுங்கிக்கொண்டிருந்த ஜனங்களின் மனநிலையைச் சரியாய் அளந்தவர் மிஸ்டர் ஜான்ஸன் ஒருவரே. 'முடித்துத் தருகிறேன்' என்பதே அவர் தேர்தற் கூச்சலின் சாரம். எதை, எவ்வாறு என்பதைக் கேட்கும் தெம்பு எவருக்கும் இல்லை. 2019 டிசம்பர் 12-ந் தேதி 365 ஸ்தானங்களோடு வென்றார். கடலில் எல்லை வைக்கும் ஏற்பாட்டுக்கு எந்தக் கன்ஸர்வேடிவ் அரசாங்கமும் இணங்கலாகாது என்று முந்திய வருஷம் வட அயர்லாந்து யூனியனிஸ்டுகளின் மகாநாட்டில் அவர்கள் கைதட்டப் பேசியவர், அதே கடலெல்லையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். மூன்று வாக்கில் ஒன்று பலியாக வேண்டுமென்று முன்னர்ச் சொன்னோமல்லவா? பலியானது அது. வியாபார உடன்படிக்கை 2020 டிசம்பர் 24-ந் தேதி முடிந்தது. ஆயிரத்திருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட அதனைப் பார்லிமெண்டின் இரு சபைகளும் 30-ந் தேதி ஒரே நாளில் நிறைவேற்றி அனுப்பின. மூன்றரை வருஷம் அடியெடுத்து வைக்காமல் வாசற்படியில் நின்றவர்கள், கடைசியில் படியைப் பாராமலே குதித்தனர். ஜனங்களின் சலிப்பு அரசியல்வாதிகளுக்கு எத்தகைய நல்ல முதல் என்பதை இதைவிடத் தெளிவாக எவர் காட்டக்கூடும்?

முடிந்ததா? 2016 ஜூலைக்கும் 2024 ஜூலைக்கும் இடையே அந்நாட்டில் புதிய பிரதம மந்திரிகள் ஐவர் பதவியேற்றனர். யூனியனிலிருந்து வரும் உணவுச் சரக்கைத் துறைமுகத்தில் சோதிக்கும் வேலையை அரசாங்கத்தார் தவணை மேல் தவணையாக ஒத்திவைத்து 2024-ல்தான் தொடங்கினர். யூனியனாரோ முதல் நாளிலிருந்தே பிரிட்டிஷ் சரக்கைச் சோதித்து வந்தனர். ஐரோப்பியச் சட்டங்களையெல்லாம் 2023 இறுதியில் ஒரே வீச்சில் அழித்துவிடுவோமென்று மசோதாக் கொண்டுவந்தவர்கள், ஏறத்தாழ அறுநூற்றை அழிப்பதோடு அமைந்தனர். மீன் விஷயம், விலகலின் கொடியாகவே பிடிக்கப்பட்ட அந்த மீன், 2025 மே 19-ந் தேதி லண்டன் மகாநாட்டில் மறுபடி பேசப்பட்டு, ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலில் 2038 வரை மீன்பிடிக்க இடம் தரப்பட்டது. உணவுச் சோதனையைக் குறைக்க யூனியனின் விதிகளை அநுசரிக்கும் உடன்பாடு காண்பதென்றும் அங்கேயே முடிவாயிற்று. விலகியது பிழை என்போரே இக்காலத்துக் கருத்துக் கணிப்புகளில் தொடர்ந்து அதிகமாயிருக்கின்றனர்.

வட அயர்லாந்தின் கடலெல்லைக்கு 2023 பிப்ரவரியில் விண்ட்ஸர் என்னும் பேரால் ஒரு திருத்தம் செய்தனர். இங்கிலாந்திலிருந்து அங்கே போகும் பாலிலும் மாமிசத்திலும் 'ஐரோப்பிய யூனியனுக்கு அன்று' என்ற சீட்டு ஒட்டப்படலாயிற்று. அந்த ஏற்பாடு நீடிக்கலாமா என்று பெல்பாஸ்ட் சட்டசபை 2024 டிசம்பர் 10-ந் தேதி வாக்கெடுத்தது. நீடிக்க என்றவர் 48 பேர். கூடாது என்றவர் 36 பேர். யூனியனிஸ்டுகள் ஒருவரும் ஆதரிக்காமையால், எட்டு வருஷத்துக்கு நீடிப்பதற்குப் பதில் நான்கு வருஷமே நீடித்தது. மறு வாய்தா 2028-ல்.